பொட்டு வைத்த ஊசல்

17 நவம்பர், திங்கள்

விடியலிலிருந்தே தூறல். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. சனிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இந்த முறை ஆசிரியர்களும் ஏதாவது செய்து வைக்க வேண்டுமாம். தலைமையாசிரியை சிஸ்டர் கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். யோசித்துத் தூக்கவில்லை, அதுவாகப் போய்விட்டது.

காந்த ஊசல் செய்யப் போகிறேன். கல்லூரிப் புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. இத்தனை வருடமும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டே ஓட்டிவிட்டேன். எனக்கே எனக்கென்று ஒரு சோதனை செய்து பார்த்ததில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வேண்டியவை:
காந்தம் நாலு (சண்டே மார்க்கெட்டில் என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட ஓட்டை ரேடியோக்களை உடைத்தால் கிடைக்கும். அவரிடம் கேட்கக் கூடாது)
நெயில் பாலிஷ், சிவப்பு, நீலம், பச்சை
மீன் பிடிக்கிற நரம்பு
பிளைவுட் பலகை
லேப் ஸ்டாண்டு

கெமிஸ்ட்ரி பிலோ மிஸ் எரிமலை செய்கிறாளாம். வினிகர், ஆப்ப சோடா, சிவப்புச் சாயம். போன வருடமும் எரிமலைதான். அதற்கு முந்தின வருடமும்.

18 நவம்பர், செவ்வாய்

ஆடுகிறது! ஆடுகிறது!

பலகையில் முக்கோணமாக மூன்று காந்தம், ஆளுக்கொரு நெயில் பாலிஷ் நிறம். மேலே ஸ்டாண்டிலிருந்து நாலாவது, ஊசலின் குண்டாகத் தொங்குகிறது, பலகையில் இடிக்காமல், ஒரு விரற்கடை மேலே. இழுத்து விட்டால் பேய் பிடித்த மாதிரி. சிவப்புக்குப் போகிறது, மனம் மாறி நீலத்துக்கு ஓடுகிறது, பச்சையை எட்டிப் பார்க்கிறது, மறுபடி நீலம். கடைசியில் ஏதோ ஒன்றின் தலையில் போய் நின்றுவிடுகிறது. எதன் தலையில் என்று முன்கூட்டியே சொல்ல முடியவில்லை.

அவர் சோபாவிலிருந்து: "ஒரே எடத்துலேர்ந்து வுட்டா ஒரே எடத்துக்குத்தானே போவணும்? உன்னுது இன்னா, ஆளுக்கொரு பக்கம் ஓடுது?"

அதுதான் விஷயமே. ஒரே இடம் என்று நாம் நினைப்பது ஒரே இடம் இல்லை. கை நடுங்குகிறது, விரல் ஒட்டுகிறது. அந்தத் துளி வித்தியாசம் ஆட ஆடப் பெருகி வேறு காந்தத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஊசல் எந்த விதியையும் மீறவில்லை. நம் கைதான் சரியில்லை. அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி சரி, என் ரேடியோ எங்க?" என்றார்.

கையை எடுத்துவிட்டால்? பலகை ஓரத்தில் ஓர் ஆணி. குண்டைப் பூக்கட்டுகிற நூலால் ஆணியோடு இழுத்துக் கட்டி, ஆட்டம் அடங்கியதும் நூலைத் தீக்குச்சியால் கொளுத்துவது. யாரும் தொடவே வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சிவப்பு. மறுபடி, சிவப்பு. எத்தனை தடவை விட்டாலும் சிவப்பு. பிறகு ஆணிக்கும் நூலுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகினேன். நீலம்! ஒரு காகிதத் தடிமன், அவ்வளவுதான்!

தோசை மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துகிடக்கிறது. கிடக்கட்டும்.

19 நவம்பர், புதன்

ஆட்டோவில் சாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரரைத் திட்டினேன், மனதுக்குள். வீட்டில் ஆணிக்குக் கண்டுபிடித்து வைத்த இடம் லேபில் சரிவரவில்லை. மதியம் முழுக்க உட்கார்ந்து ஆணியை நகர்த்தி நகர்த்தி மறுபடி பிடித்தேன். காகிதம் இல்லாமல் சிவப்பு, காகிதத்தோடு நீலம்.

லேபைக் கூட்டுகிற அஞ்சலை அக்கா துடைப்பத்தோடு நின்று பார்த்தார். "புதுசா டீச்சரம்மா? நீங்களே செஞ்சீங்களா?" ஆமாம் என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

ஹாலில் நடு மேஜை ஒன்றுதான் காலி. எனக்கும் பிலோவுக்கும் அதுவே வேண்டும். நாளைக்கு இருவரும் காட்ட வேண்டும், சிஸ்டர் பார்த்து ஒருவருக்குத் தருவார். மற்றவர் பொருள் வீட்டுக்கு. சிஸ்டர் முன்பு கணக்குப் பாடம் எடுத்தவர். கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "எக்ஸ்பெரிமென்ட்னா சொன்ன ரிசல்ட் வரணும் டீச்சர். மாத்தி மாத்தி வந்தா அதுக்குப் பேரு வெளையாட்டு."

வரும் சிஸ்டர். பாருங்கள்.

20 நவம்பர், வியாழன்

காலை. சிஸ்டர் வந்தார். "சிவப்புக்குப் போகும்" என்று அழுத்திச் சொல்லிவிட்டுக் கொளுத்தினேன். நீலம். அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி கட்டினேன். நீலம். காகிதம் எதுவும் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மூன்றாவது தடவையும் நீலம்.

சிஸ்டர்: "செவப்புன்னீங்களே டீச்சர்."

பிலோவின் எரிமலை ஒழுங்காகப் பொங்கியது. "அலோர், மேஜை எனக்குத்தானே சிஸ்டர்?" அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எதைச் சொன்னாலும் அலோர், அதாவது 'அப்போ', என்றுதான் ஆரம்பிப்பாள். இன்றைக்கு அந்த அலோர் காதில் நாராசமாக விழுந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். இந்த வயதில், ஒரு ஸ்பீக்கர் காந்தத்துக்காக.

மதியம். மூட்டை கட்டலாம் என்று குண்டைக் கையில் எடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முகத்தில் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். கடுகு அளவு.

"அக்கா!"

ஓடி வந்தார். "நான்தான் டீச்சரம்மா வெச்சேன். காத்தால வந்ததும். புதுப் பொருளாச்சே, வெறும் நெத்தியா வுடலாமா? சிஸ்டர் கண்ணுல பட்டா எதுனா சொல்லுவாங்கன்னு செவுத்துப் பக்கமா வெச்சேன்."

அப்படி ஒரு கோபம் வந்தது. வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை. மண்டையில் வேறு என்னவோ ஓட ஆரம்பித்துவிட்டது. கடுகளவு பொட்டு. அவ்வளவு எடைதான் கூடியிருக்கிறது. அதற்கே நீலம் என்றால்!

துடைக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "வெச்ச பொட்ட கையால அழிப்பாங்களா? தண்ணி ஊத்திக் கழுவுங்க, தப்பில்ல." கழுவினோம். காயவிட்டோம். கட்டினேன், கொளுத்தினேன். சிவப்பு!

"இப்ப வைங்க அக்கா. அதே எடத்துல, அதே அளவு." சிரித்துக்கொண்டே வைத்தார். நீலம்!

கழுவினால் சிவப்பு. வைத்தால் நீலம். அக்கா கைதட்டினார். நான் குதித்தேன், நிஜமாகவே குதித்தேன், செருப்பு அறுந்தது. காகிதத் துண்டெல்லாம் எதற்கு? உலகத்தில் எந்தப் புத்தகத்திலாவது இந்த மாதிரி விளக்கம் இருக்கிறதா?

அறுந்த செருப்போடு சிஸ்டர் அறைக்கு ஓடினேன். பொட்டுக் கதையைக் கேட்டார். சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "சரி. சனிக்கெழம காலையில, ஃபாதர் வந்து கண்காட்சிய மந்திரிக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க. ஒரே ஒரு வாட்டி. நீங்க சொன்ன காந்தத்துக்குப் போகலன்னா மேஜை பிலோவுக்கு. அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது."

21 நவம்பர், வெள்ளி

மழை விடுமுறை. டிவியில் சொல்லும்போதே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்ட கூச்சல் இங்கே கேட்டது. ஒத்திகை பார்க்க முடியாது. ஊசல் பூட்டிய ஹாலில். நேற்றே நடு மேஜையில் வைத்து ஆணியைச் சரிபார்த்துவிட்டு வந்ததுதான் ஒரே ஆறுதல். எரிமலை ஓரத்தில் காத்திருக்கிறது.

தீப்பெட்டி நமத்துப் போய்விட்டது. அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

தெருவில் யாரோ போனில்: "நாளைக்கும் லீவு வுட்டா நல்லா இருக்கும்ல?" எட்டிப் பார்த்து நாலு வார்த்தை சொல்லத் தோன்றியது.

அக்காவுக்குப் போன் செய்தேன். நாளைக்குத் தயவுசெய்து எதுவும் வைக்க வேண்டாம், நான் சொல்லும்வரை. "வெக்கமாட்டேன் டீச்சரம்மா. எங்க ஊட்டு அம்மன் மேல சத்தியம்."

22 நவம்பர், சனி

மழை இல்லை. ஈரக் காற்று. சீக்கிரமே போய்விட்டேன். நூலைக் கட்டினேன், குண்டு அசையாமல் நின்றது. சிஸ்டருக்காகக் காத்திருந்தேன்.

சிஸ்டரும் ஃபாதரும் சேர்ந்தே வந்தார்கள். ஃபாதருக்குக் கல்யாணப் பூசையாம், அதனால் முன்னாடியே வந்துவிட்டார். நேராகத் தீர்த்தத்தை எடுத்துத் தெளிக்க ஆரம்பித்தார். எரிமலைக்குத் தெளித்தார், சோலார் அடுப்புக்குத் தெளித்தார். என் மேஜைக்கு வந்தார்.

"ஐயோ ஃபாதர், அதுல படக்கூடாது!"

கத்திவிட்டேன். பட்டுவிட்டது. குண்டின் தலையில் ஒரு சொட்டு, பளபளவென்று.

ஃபாதர்: "ஏம்மா, தீர்த்தம் பட்டா கெட்டுப் போவுமா?"

துடைக்கத் துணி கையில் இருக்கிறது. துடைக்க முடியுமா? சாமியார் தெளித்த தீர்த்தத்தை, அவர் முன்னாலேயே, சிஸ்டர் முன்னாலேயே! கழுவவும் முடியாது. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். இது காய்ந்திருந்தால் சிவப்புக்குப் போகும், இந்தச் சொட்டோடு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

சிஸ்டர்: "வுடுங்க. பாப்போம்."

குச்சியைக் கிழித்தேன். பற்றியது. குண்டு ஓடியது, சுற்றியது, நீலத்தில் தயங்கியது, திரும்பியது. பச்சை. ஒருநாளும் போகாத பச்சை.

கூட்டத்தில் "ஹோ" என்று சத்தம். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். "ஒரு சொட்டுக்கா?" நான் சிஸ்டரைத்தான் பார்த்தேன். சொன்ன காந்தத்துக்குப் போகவில்லை. பிலோ எரிமலையைத் தூக்கவே தூக்கிவிட்டாள்.

சிஸ்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். குண்டுக்குப் பக்கத்தில் குனிந்து அந்தச் சொட்டைப் பார்த்தார். "இது காய்ஞ்சா திரும்பச் செவப்புக்கு வருமா?"

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்! "வரணும் சிஸ்டர். ஆனா தீர்த்தத்துல உப்புப் போட்டிருப்பாங்க. காய்ஞ்சா உப்பு ஒட்டும். அது எவ்ளோன்னு எனக்குத் தெரியல."

"அப்ப காயட்டும்."

நூலைக் கட்டிவிட்டு நின்றோம். ஃபேன் போடக் கூடாது, ஊதக் கூடாது. ஈரக் காற்றில் அது காய்வேனா என்றது. வரவேற்புரையைத் தள்ளி வைத்தார் சிஸ்டர். ஃபாதருக்குப் போன்மேல் போன். "மாப்ள கொஞ்சம் இருக்கட்டும்பா, இங்க ஒரு சொட்டுத் தண்ணி காய வேண்டியிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். அஞ்சலை அக்கா தூரத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எரிமலையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிலோ, "போயிருச்சா? போயிருச்சா?" சொட்டு சுருங்கியது. ஓரம் காய்ந்தது. போயிற்று. அந்த இடத்தில் வெள்ளையாக மெல்லிய தடம், இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது.

நூல் அறுந்தது. பச்சைப் பக்கம் ஓடியது. வளைந்தது. நீலத்தைச் சுற்றியது, ஒரு தடவை, இன்னொரு தடவை. இரண்டுக்கும் நடுவில் நின்றே விட்டது போலிருந்தது. பிறகு மெதுவாக நழுவி வந்து சிவப்பின் மேல் நடுங்கி அடங்கியது.

முதலில் கத்தியது சிஸ்டர்தான்.