இரண்டாவது கார்டுக்கு ஐந்து விரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் வீட்டுக்காரரும் நலம். நீ முதல் வரியிலேயே என் முழங்கால் வலியை விசாரித்திருந்தாய். அது போன வருடமே சரியாகிவிட்டது. இருந்தாலும் நீ கேட்டதாக முழங்காலிடம் சொல்லிவிட்டேன்.

முழங்காலுக்குப் பிறகு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நான் புரிந்துகொண்டது சரியா பார். உன் ராக் இசைக்குழுவைப் பெரிய ஆளாக்கிய அந்தப் பாட்டின் மூலநாடா பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. கம்பெனி அதை அச்சு அசலாக மறுபடி பதிவு செய்து தரச் சொல்கிறது. குரல் வந்துவிட்டது, டிரம்ஸ் வந்துவிட்டது. கேட்டவுடன் எல்லோரும் நிமிர்ந்து உட்காரும் அந்தத் தொடக்கக் கிட்டார் மட்டும் வர மாட்டேன் என்கிறது. அதே வருடத்துக் கிட்டாரை எங்கிருந்தோ தேடி வாங்கினீர்கள். ஆம்ப்ளிஃபையரும் அதேதான். ஒரு ஒலி நிபுணரை அமர்த்தினீர்கள். அவர் பழைய இசைத்தட்டைக் கணினியில் ஓடவிட்டு, மலை மலையாகக் கோடு வரைந்து பார்த்து, இரண்டு உண்மைகளைக் கண்டுபிடித்திருக்கிறார். முதல் கார்டு, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரே வீச்சில் அடிக்கும் அந்தச் சுரக்கூட்டு, பின்னாலிருந்து முன்னால் ஒலிக்கிறது, ஆகவே நாடாவைத் திருப்பி ஓட்டியிருக்க வேண்டும். இரண்டாவது கார்டுக்குக் கம்பிகளை அழுத்த ஐந்து விரல் வேண்டும், கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தைத் தாங்கப் போய்விட்டால் அந்த வேலைக்கு மனிதனுக்கு நான்குதான் உண்டு, ஆகவே இரண்டு பேர் வாசித்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அன்னிக்கு நீயும் அங்க இருந்தியே, உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாய்.

இருந்தேன். ஒரு மேசை விசிறியும் இருந்தது. அதற்கும் எழுதியிருக்கிறாயா?

அண்ணா, அந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தது நான். இதை உனக்கே எழுதித் தெரிவிக்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. உன்னால் அந்தப் பகுதியை வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை. கை சரியாகப் போனால் குரல் தடுமாறியது, குரலைப் பிடித்தால் கை நின்றது. கடைசியில் கிட்டாரைக் கழற்றி என் மடியில் போட்டு, "கொஞ்ச நேரம் நீ சும்மா டொய்ங் டொய்ங்னு வாசிச்சிட்டிரு, நான் பாடிப் பழகிக்கறேன்" என்றாய். நான் சும்மா வாசித்தேன். ஒலிப்பதிவுக்காரர் சும்மா இருக்காமல் அதைப் பதிவு செய்துவிட்டார். போட்டுக் கேட்டுவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் வேணாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். போனோம். இசைத்தட்டு வந்தபோது உறையில் "குரல், கிட்டார்" என்று போட்டு உன் பெயர் இருந்தது. நான் கேட்டதற்கு, "அச்சடிச்சுட்டாங்க, இனிமே என்ன பண்றது" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அச்சடித்தார்கள்.

மேடையில் நீ வாசிப்பதையும் கேட்டிருக்கிறேன். கிட்டத்தட்ட அதே போல ஒன்றை வாசிப்பாய். கூட்டமே சேர்ந்து பாடுவதால் யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்கு நீ நன்றி சொல்வது எனக்கு எப்போதும் நியாயமாகப் பட்டிருக்கிறது.

உன் பேட்டிகளையும் படித்து வருகிறேன். ஒன்றில் அந்த ஒலி ஆளில்லாத ரயில் நிலையத்தில் உனக்குத் தோன்றியது. இன்னொன்றில் அது ஒரு காதல் தோல்வி. கடைசியாக வந்ததில், "மௌனத்தை வாசிக்க முயன்றேன்" என்கிறாய். மௌனத்துக்கு எதற்கு ஆம்ப்ளிஃபையர் என்று நிருபர் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

அது பீரோவின் ஒலி. கீழே இஸ்திரிக் கடை, மேலே பதிவுக்காக நாம் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. கிட்டார் சத்தம் உன் மைக்கில் போய் விழுந்துகொண்டே இருந்ததால், ஒலிப்பதிவுக்காரர் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி மூலையிலிருந்த இரும்புப் பீரோவுக்குள் வைத்தார். கீழ்த்தட்டில் ஆம்ப்ளிஃபையர், அதன் முகத்துக்கு நேராக ஒரு மைக். மேல்தட்டில் இஸ்திரிக் கடைக்காரர் அடைத்து வைத்திருந்த கம்பளிகள். வயர் போவதற்காகக் கதவை முழுக்கச் சாத்தவில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்ததும் பீரோவின் முதுகுத் தகடு அதிர்ந்தது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் உறுமல் அதுதான். ரயில் நிலையம் எதுவும் பக்கத்தில் இல்லை.

என் தொழில் உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். பல் செட் செய்கிறேன். வாயில் அச்சு எடுக்காமல், பழைய புகைப்படத்தைப் பார்த்துப் பல் கட்டித் தரச் சொல்லி சிலர் வருவார்கள். கட்டலாம். போட்டுக்கொண்டு சிரிக்கலாம், கடிக்க முடியாது. உங்கள் நிபுணர் வேலை அப்படித்தான் நடக்கிறது. யாருடைய வாய் என்றே தெரியாமல் பல்லை ராவிக்கொண்டிருக்கிறார்.

பீரோவைச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது. கார்டு இரண்டும் அதில்தான் இருக்கின்றன. அதை நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது உனக்குத் தெரியும். கை நீட்டினால் தொடும் தூரத்தில், என் எதிரில் நின்றுதான் பாடினாய். கண்ணை மூடிக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருந்தவளை ஒருமுறை பார். மைக்கைப் பார்க்காதே.

அண்ணிக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
முழங்கால் நலமாக உள்ள உன் தங்கை


அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதிலும், கூட அனுப்பிய புதுப் பதிவும் கிடைத்தன. பீரோ நன்றாக வேலை செய்திருக்கிறது. அசல் உறுமல். பாராட்டை அதனிடம் சேர்த்துவிடு. கார்டுகள் மட்டும் போன தடவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

என் வீட்டுக்காரரும் கேட்டார். சவரம் செய்யும்போதெல்லாம் அந்தப் பாட்டை முனகுகிற மனிதர். கல்யாணமான புதிதில், அதை வாசித்தது நான்தான் என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்போ டிரம்ஸ் உங்கம்மாவா?" என்றார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது உன் பதிவைக் கேட்டு, "என்ன, உங்கண்ணனுக்குக் கையில சுளுக்கா?" என்றார். நல்ல காதுதான். கொஞ்சம் தாமதமாகத் திறந்திருக்கிறது.

இனி உன் கடிதம். "நீ பழகறதுக்காக வாசிச்சது லேசா ஞாபகம் இருக்கு. அப்புறம் நான் ஒரு தடவை வாசிச்சேன், அதைத்தான் எடுத்தாங்கன்னு நினைக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

இதைப் படித்துவிட்டு அரைத்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை அப்படியே வைத்துவிட்டேன். இவ்வளவு காலமும் நீ பொய் சொல்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எங்கே கிடக்கிறது என்று தெரியும். அதன் மேல் கால் படாமல் தினமும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். என்னை அப்படியாவது நீ தினம் ஒருமுறை சுற்றிப் போகிறாய் என்று இருந்தேன். நீ பொய்யே சொல்லவில்லை. நம்பிவிட்டாய். என்னை மறைக்கக்கூட நீ மெனக்கெடவில்லை.

பெருந்தன்மையாக, புது இசைத்தட்டின் நன்றிப் பட்டியலில் என்னைச் சேர்த்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அண்ணியிடம் தொலைபேசியில் விசாரித்தேன். எனக்கு மேலே வேன் ஓட்டுநர், கீழே காபி கொடுப்பவர். வேன்காரர் வேன் ஓட்டினார், காபிக்காரர் காபி கொடுத்தார். நான் எதற்காக அங்கே இருக்கிறேன் என்று கேட்டால் அவர்கள் இருவரும் என்ன சொல்வார்கள், பாவம்.

அதோடு விடாமல், "நீயே ஒரு நடை வந்து நிபுணருக்குக் காட்டிக் குடேன். முன்னாடி நிருபருங்க நிப்பாங்க, பின்வாசல் வழியா வந்துடு" என்கிறாய். பின்வாசலில் படி இருக்கிறதா என்று எழுதவில்லையே. முழங்காலை மறந்துவிட்டாய்.

சரி. உனக்கு ஞாபகம் வராததால் நானே சொல்கிறேன். உன் தங்கை இடதுகைக்காரி.

சாப்பாட்டு மேசையில் அம்மா கரண்டிக் காம்பால் என் இடது மணிக்கட்டில் போடுவாள். அவள் கவனிக்காத நாட்களில் கவனிப்பது உன் வேலை. "அம்மா, இந்தப் பீச்சாங்கை மறுபடியும் பீச்சாங்கையில சாப்பிடுதும்மா." வீட்டில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. வைத்தவன் நீ. எழுதுவது, சாப்பிடுவது, விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாவற்றையும் வலதுகைக்கு மாற்றினார்கள். கிட்டாரை மட்டும் மாற்றவில்லை. எனக்கு யாரும் கிட்டார் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால். நீ வெளியே போகும்போது உன்னுடையதை எடுத்து, என் கைக்குத் தோதாகத் திருப்பிப் பிடித்து, நானே கற்றுக்கொண்டேன். கம்பிகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்டினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் எனக்கு எல்லாம் தலைகீழ். மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே. அப்படியேதான் அன்றும் வாசித்தேன்.

இனி வருவதை நிபுணருக்குப் படித்துக் காட்டு. எல்லோரும் கையைக் கீழே வீசினால் தடித்த கம்பி முதலில் ஒலிக்கும், மெல்லியது கடைசியில். எனக்கு மெல்லியது முதலில். நாடாவை யாரும் திருப்பவில்லை, கிட்டாரைத் திருப்பினேன். அப்படியானால் கையைக் கீழிருந்து மேலே வீசினால் போதுமே என்பார். வரிசை வரும், எடை வராது. மேலே போகிற கையால் கோபமாக அடிக்க முடியாது. நான் அன்று நல்ல கோபத்தில் இருந்தேன். டொய்ங் டொய்ங் என்று சொன்னாயே, அதற்கு. இரண்டாவது கார்டில், மேலே இருந்த மெல்லிய கம்பியைக் கட்டைவிரலை வளைத்துப் போட்டு அழுத்தினேன். மற்ற விரல்களுக்குக் கீழே வேலை இருந்தது. ஐந்து விரல் வேண்டும் என்று அவர் சொன்னது சரி. என்னிடம் ஐந்து இருந்தன.

நீ எப்படி மறந்தாய் என்பதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ வாசிக்கும்போது கிட்டாரின் கழுத்து உன் இடப்பக்கம் நீளும். நான் வாசித்தால் என் வலப்பக்கம். எதிரில் நிற்கும் உனக்கு அதுவும் உன் இடப்பக்கம்தான். கண்ணாடி முன்னால் நின்று வாசித்தால் எப்படித் தெரியுமோ அப்படி. அன்று நீ என்னைப் பார்க்கவில்லை அண்ணா. கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டு பாடினாய். இன்னும் அதன் முன்னால்தான் நிற்கிறாய்.

எழுத்து இங்கிருந்து சாய்ந்துகொண்டு போவதைக் கவனித்திருப்பாய். பேனா அதேதான். கையை மாற்றியிருக்கிறேன்.

என்னிடம் ஒரு கிட்டார் இருக்கிறது. பட்டறையில், பல் அச்சு வார்க்கும் மாவு மூட்டைகளுக்குப் பின்னால். உன் முதல் கடிதம் வந்த மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்து வாசித்துப் பார்த்தேன். வருகிறது.

ஆகவே நானும் வருகிறேன், முன்வாசல் வழியாக. நான் கிட்டாரைத் திருப்பிப் பிடித்ததும், என்ன இது என்று நிபுணர் கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். நீ சொல்ல வேண்டும், நிருபர்களின் காதில் விழுகிற மாதிரி. சொல்ல முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு, எனக்கு ஒரு மேல்வரிசைப் பல் செட் பாக்கி இருக்கிறது. எப்படியானாலும் நன்றிப் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிடு. காபிக்காரர் கொஞ்சம் தாராளமாக உட்காரட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவிடம் சொல். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "எம் பையனோட கையைக் கேளுங்க" என்கிறாளாம். அண்ணி சொன்னார். அது அவள் கரண்டிக் காம்பால் அடித்த கை என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால், இன்னுமா அந்தப் பழக்கம் போகவில்லை என்பாள். அவளுக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். கேட்கும்போதே சொல்லிவிடு. கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. நல்லதாக இல்லாவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
பீச்சாங்கை