பட்டு எடுக்கப் போன கேசட்டுகள்

திருப்புலிவனம்
4.2.2024

அன்புள்ள தாண்டவராயன் அண்ணனுக்கு,

வேதகிரி எழுதுகிறேன். அண்ணே, எப்படி இருக்கீங்க? காது தேவலையா? போனில் நான் கத்தி, நீங்கள் கத்தி, கடைசியில் மோகன்குமார் வாங்கி, "அண்ணே, எழுதிக் குடுத்துடுங்க, அப்பா படிச்சிக்கும்" என்றான். அதனால் அஞ்சாங் கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பிருந்தால் விட்டுவிடுங்கள்.

நூலகத்தில் காஞ்சிபுரத்துப் படங்களாகச் சேர்க்கிறார்கள், நம் ஸ்டுடியோ எடுத்த கல்யாண கேசட்டெல்லாம் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிராமத்துக் கல்யாணம் அவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. இந்தப் பக்கம் யார் கல்யாணம் என்றாலும் முகூர்த்தப் பட்டுக்குக் காஞ்சிபுரம்தானே. வேன் வைத்துப் போவார்கள், நாமும் ஏறிக்கொள்வோம். எந்த கேசட்டைப் போட்டாலும் முதல் கால் மணி நேரம் காந்தி ரோடும் மூங்கில் மண்டபமும்தான் ஓடும்.

பத்து நாளாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். நிறையப் பேர் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்கள். பாச்சா உருண்டை வாசம் உங்களுக்கே அடிக்கும். மானாம்பதி ஆதிலட்சுமி வீட்டில் கேட்டேன். அவள் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். போன வருஷம் கம்பு விதைத்தபோது குருவி விரட்ட, கேசட்டை உடைத்து நாடாவை உருவி நாலு மூலைக்கும் கட்டிவிட்டாராம் அவள் வீட்டுக்காரர். "எங்க கல்யாணம் காத்துல ஆடிக்கினு கீது, வோணும்னா சுத்தி எடுத்துக்கினு போ" என்றாள். நானும் பார்த்தேன். வெயிலில் பளபளவென்றுதான் இருந்தது. குருவி ஒன்றும் பயந்த மாதிரி தெரியவில்லை.

மொத்தம் முப்பத்தொரு கேசட் கிடைத்தது. பையில் இருக்கிறது. நூலகத்தார் கொடுத்த ஃபாரத்தில் ஊர், தேதி, யார் கல்யாணம் எல்லாம் எழுதிவிட்டேன். "படம் எடுத்தவர்" என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். காஞ்சிபுரம் பகுதியை யார் எடுத்தது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கையாலேயே எழுதுங்கள். அப்படி எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

வீட்டில் சிட்டம்மாள் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
வேதகிரி

காஞ்சிபுரம்
13.2.2024

அன்புள்ள வேதகிரிக்கு,

கடிதமும் பையும் வந்து சேர்ந்தன. நான் நலம். இந்த வேலையை உன்னைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது. முப்பத்தொன்று கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஃபாரத்தில் எல்லாவற்றுக்கும் என் பெயரையே எழுதிவிட்டேன். கேமரா என்னுடையது, ஸ்டுடியோ என்னுடையது, ஊரில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

இதில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. நூலகத்தில் இந்தச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்கிற கல்பனா என்கிற பெண் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்க்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஐயா, வீட்டுக்குள்ள எடுத்ததெல்லாம் ஆடுது. காஞ்சிபுரம் ரோட்டுல எடுத்தது ஆடவே இல்ல. ரெண்டும் உங்க கைதானா?" என்று கேட்டாள். ரோட்டில் ஸ்டாண்டு போட்டு எடுத்தேன் என்றேன். படம் கூட்டத்தோடு நடந்து போகிறதே, ஸ்டாண்டு எப்படி நடக்கும் என்றாள். லைட் பிடித்த வேதகிரிக்குத்தான் அதெல்லாம் ஞாபகம் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னைக் கூப்பிடுவாள். எடுத்தது முழுக்க நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. பங்குனியில் திறப்பு விழா. அந்த அறைக்கு என் பெயரை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கை நடுங்கியது அன்றைக்கே யாருக்கும் தெரியாது. இந்த வயதில் அதை மேடை போட்டுச் சொல்லவேண்டுமா?

அன்புடன்
தாண்டவராயன்

காஞ்சிபுரம்
4.3.2024

வேதகிரிக்கு,

பதிலே காணோம். கோபமா? கல்பனா மறுபடி கேட்டாள். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். பழகின பழக்கத்துக்காவது சொல்.

தாண்டவராயன்

திருப்புலிவனம்
17.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் இல்லை அண்ணே. கடலை பிடுங்குகிற நேரம், ஆள் கிடைக்கவில்லை, நானும் சிட்டம்மாளுமே இறங்கிவிட்டோம். அதோடு, என்ன எழுதுவதென்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை நானே பஸ் ஏறிக் காஞ்சிபுரம் வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேரே நூலகத்துக்குப் போனேன்.

நீங்கள் எழுதினபடியே சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாலாஜாபாத் பக்கமிருந்து வந்த ஒரு கூட்டம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பட்டெடுக்கப் போகிறதுபோல, ரோட்டைத் தாண்டத் தெரியாமல் கையைக் கோத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன். கேமரா இருந்தால் எடுத்திருப்பேன்.

அந்தப் பெண் ஒரு கேசட்டைப் போட்டது. தொண்ணூற்றாறு, மாசி மாசக் கல்யாணம். பட்டுக்கடைக்குள் போகிற இடம். படம் அசையவில்லை. ஆனால் புடவை மேலே விழுகிற வெளிச்சம் ஆடுகிறது. "லைட் பிடிக்கிறவர் கைதான் நடுங்குது. நீங்க லைட்மேன்னு சொன்னாங்களே, உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க ஐயா" என்றது. நீட்டினேன். கை ஆடாமல் நின்றது.

சொல்லிவிட்டேன் அண்ணே. கல்யாண வீடுகளில் என்னை உள்ளே விடமாட்டார்கள், ஜன்னல் வழியாகத்தான் லைட்டைக் காட்டுவேன், அதனால் நடுங்குகிற கையோடு உள்ளே எல்லாம் நீங்களே எடுத்தீர்கள் என்று சொன்னேன். காஞ்சிபுரத்தில் இறங்கினதும் கேமராவை என் தோளில் வைத்து, "இந்தா புடி. இங்க நீ யாருன்னு எவனுக்குத் தெரியும்" என்பீர்களே, அதையும் சொன்னேன். கடைக்குள் எனக்கு நீங்கள் லைட் பிடித்ததையும் சொன்னேன். முதலாளி நின்று லைட் பிடித்தது வேறு எந்த ஸ்டுடியோவிலும் நடந்திருக்காது. கல்பனா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. உங்கள் கையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் எழுதாமல் நிறுத்தி, "கஷ்டப்பட்டிருப்பார் இல்ல?" என்றது.

அதற்கப்புறம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரைப் பற்றின படம் மட்டும்தான் நூலகத்தில் வைப்பார்களாம். காஞ்சிபுரம் பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு, கேசட்டை வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்களாம். அப்படியென்றால் அறை முழுக்க நான் எடுத்ததுதான் இருக்கும். நீங்கள் எடுத்தது ஒரு அடிகூட இருக்காது, வாசலில் பெயர் மட்டும் இருக்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை. "வெட்டாத வை தாயி. அந்த வூட்டுக் கல்யாணத்துக்குத்தான பொடவை எடுக்க வந்தாங்க. இல்லன்னா அவங்க இன்னாத்துக்கு இந்த ரோட்டுக்கு வரப்போறாங்க? வெட்டுறதுன்னா பையைக் குடு, நான் கெளம்புறன்" என்றேன். பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்று உள்ளே போனது. அரை மணி நேரம் கழித்து வந்து, முழுசாகவே வைக்கிறோம் என்றது. வீட்டார் எல்லோரிடமும் ஒரு கையெழுத்து வேண்டுமாம். திரும்பவும் வீடு வீடாக ஏறவேண்டும். ஏறுகிறேன்.

ஃபாரத்தை என் முன்னாலேயே திருத்தியது. இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. என் பெயரை முதலில் போடச் சொன்னேன். தப்பாக நினைக்காதீர்கள். கேசட்டில் ரோடுதான் முதலில் வருகிறது, வீடு அப்புறம்தான்.

இதோ, கடலை மூட்டை ஏற்ற டிராக்டர் வந்துவிட்டதாம், சிட்டம்மாள் கொல்லையிலிருந்து கூப்பிடுகிறாள். சீக்கிரம் முடிக்கிறேன். திறப்பு விழாவுக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறது அந்தப் பெண். முன் வரிசையில் நாற்காலியாம். உங்கள் பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்கப் போவதில்லை அண்ணே, உட்காருவேன். நீங்கள் மட்டும் அப்போது கையை மறைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு
வேதகிரி