கலனுக்கு முப்பது மைல்

1986 மார்ச் 6, வியாழன்

அக்கரைப்பற்றில் மாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது களியோடைப் பாலத்தடியில் கார் நின்றுவிட்டது. பெற்றோல் முடிந்துபோனது. ஓட்டிவந்த தம்பி றாசிக்குக்கு நல்ல கோபம்.

“ராத்தா, ஒரு கலன் பெற்றோலுக்கு முப்பது மைல் ஓடும் எண்டு மச்சான் கசெட்டுல சொன்ன கணக்கு ஒருநாளும் வராது. இருபதும் தாண்டுதில்ல.”

சவூதியில் வேலை செய்யும் என் கணவர் அப்படிக் கசெட்டில் பேசி அனுப்பியது உண்மைதான். போன லீவில் இந்த டேர்போ வேகனை வாங்கியவர் அவர். நிதானமாக ஓட்டினால் சிக்கனம் என்றும் சொல்லியிருந்தார்.

“பிறகேன் குறையிது?” என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

“வயல்வெளி வந்தா மிதி, மிதி எண்டு சொல்றது ஆரு? மிதிச்சா டேர்போ குடிக்கும்தானே.”

கேனைத் தூக்கிக்கொண்டு அவன் நிந்தவூருக்குப் பஸ் ஏறினான். நான் காருக்குள்ளேயே இருந்தேன். அறுத்த வயலில் கொக்குகள் மேய்ந்தன.

அழுத்தி மிதித்தால் எஞ்சினுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று எழும்பும். லீவில் வரும்போது அவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். வீட்டு வாசல் கடப்படியில் நின்று இதேபோல ஒரு விசில்தான் அடிப்பார். இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது?

அவருக்குப் பதில் கசெட் நான் இன்னும் பேசி அனுப்பவில்லை. இருபது மைல்தான் ஓடுகிறது என்று சொன்னால் காரை வித்துடு என்பார். வந்து கடப்படியில் ஒருதரம் விசிலடிக்கட்டும். அன்றைக்கே விற்றுவிடலாம்.