முதல் பரிசு பெற்ற கதையைப் புகாராக ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மறைந்த இயந்திர ஆபரேட்டரின் மனைவி,
குளிர்பதனக் கிடங்குத் தொழிலாளர் குடியிருப்பு,
மூன்றாம் வரிசை, கடைசி வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறை.

பொருள்: பரிசு பெற்ற அறிவியல் புனைகதையைப் புகாராகப் பதிந்து, இரண்டாம் குளிர் அறையை மூடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் துறையின் ஆண்டு விழாவையொட்டித் தாங்கள் நடுவராக இருந்து நடத்திய அறிவியல் புனைகதைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் என் கணவர். சென்ற மாதம் கிடங்கின் முதலாம் குளிர் அறையில் அம்மோனியாக் குழாய் வெடித்து இறந்த மூவரில் ஒருவரும் அவர்தான். இருவரும் ஒரே ஆள் என்பது தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. தங்கள் விசாரணை அறிக்கையில், "ஆபத்து குறித்து எழுத்துப்பூர்வமான புகார் ஏதும் பெறப்படவில்லை" என்று உள்ளது. அவர் இரண்டு முறை மனு கொடுத்தார். இரண்டு முறையும் ரசீது கேட்டார். தங்கள் முன்னறை எழுத்தர், "வெச்சிட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்றாராம். ரசீது இல்லாததால் இன்று மனுவே இல்லை என்கிறார்கள்.

3. மூன்றாவது மனு எழுத உட்கார்ந்தவரைத் தடுத்தவள் நான்தான். செய்தித்தாளில் போட்டி அறிவிப்பு வந்திருந்தது. "மனுவா எழுதுனா யாரு படிக்கிறா? கதையா எழுதிப் போடுங்க, நடுவராவது கடைசி வரைக்கும் படிச்சாகணும்ல" என்றேன். சிரித்தார். பிறகு அந்த மனுவையே எடுத்துத் திருத்தினார். கிடங்கை நிலவுக்குக் கொண்டுபோனார், ஆண்டில் நூறைக் கூட்டினார். வேறெதையும் அவர் மாற்றவில்லை. முள் பன்னிரண்டிலேயே சிக்கிக்கொள்ளும் அழுத்தமானி, துருப்பிடித்த குழாயில் சுற்றிய சைக்கிள் டியூப், சத்தம் தொந்தரவு என்று மேலாளர் கம்பியைக் கழற்றி வைத்த எச்சரிக்கை மணி, உள்ளிருந்து திறக்க முடியாத பின்கதவு எல்லாம் அப்படியே இருந்தன. கதைக்கு மட்டும் தங்கள் முத்திரையோடு ரசீது வந்தது.

4. பரிசளிப்பன்று தாங்கள் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, "மணியோட கம்பிய மனுஷனே கழட்டி வைக்கிறான்னு எழுதியிருக்காரு பாருங்க, இப்படி ஒரு கற்பனை யாருக்கு வரும்" என்றீர்கள். என் கணவர் மைக் அருகே போய், "கற்பனை இல்ல சார், நேத்துகூடப் பார்த்தேன்" என்றார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. தாங்களும் தட்டினீர்கள், நானும் தட்டினேன். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

5. விபத்தன்று மணி அடிக்கவில்லை. வெளியே வந்துவிட்ட அவர், உள்ளே மாட்டிக்கொண்ட சுமை தூக்கும் தொழிலாளர் இருவரைக் கூட்டிவரத் திரும்பிப் போனார். மூவரும் அந்தப் பின்கதவருகே கிடந்தார்கள். அந்தக் கதவு வரும் கதையின் எட்டாம் பக்கத்தைத் தாங்கள் புரட்டிப் பார்த்தால் நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

6. இரண்டாம் குளிர் அறை இன்றும் ஓடுகிறது. அதே காலத்துக் குழாய், அதே மாதிரிக் கதவு, உள்ளே பதினோரு பேர். என் கணவரின் இடத்தில் இப்போது என் கொழுந்தனைப் போட்டிருக்கிறார்கள். "அண்ணி, அந்த மணிக் கம்பி இன்னும் தொங்கிட்டுதான் இருக்கு" என்று நேற்றும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனான். அவன் திரும்பும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை.

7. ஆகவே, கேடயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அக்கதையை அது தங்கள் அலுவலகத்துக்கு வந்த தேதியிட்டுப் புகாராகப் பதியவும், இரண்டாம் அறையை இன்றே மூட உத்தரவிடவும் வேண்டுகிறேன். இம்மனுவுக்கு ரசீது கிடைக்காமல் முன்னறையை விட்டு நகரமாட்டேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக முன்னறை
நாள்: விபத்துக்குப் பின் இருபத்தாறாம் நாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஆபரேட்டரின் மனைவி

இணைப்பு:
கேடயம் ஒன்று.
கதையின் நகல் ஒன்று. தாங்கள் படித்ததில் ஆபரேட்டர் பிழைத்து வீட்டுக்கு வருவார். என் கணவர் அப்படி எழுதவில்லை. போட்டிக்கு அனுப்பப் படியெடுக்கும்போது மனசு கேட்காமல் நான் மாற்றினேன். என்னுடைய மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, அவர் எழுதியதையே திரும்ப எழுதியிருக்கிறேன்.