தோளில் இருந்த கை

இன்று காலை நெரவியிலிருந்து ஓர் ஆள் வந்தார். செல்போனை என் மேசைமேல் வைத்து, "எங்க அம்மா தவறிட்டாங்கக்கா, மதியத்துக்குள்ள பேனர் வேணும்" என்றார். கல்யாண வீட்டில் எடுத்த குரூப் போட்டோ. பின்வரிசையில் அந்த அம்மா. முன்னால் நின்ற யாருடைய கொண்டையோ அவர் தாடையைப் பாதி மறைத்திருந்தது. தோளில் ஒரு கை.

"அம்மாவ மட்டும் தனியா எடுத்துக்குங்க. இந்தக் கைய அழிச்சுடுங்க."

நான் யோசிப்பதற்குள் என் வாய் உன் கேள்வியைக் கேட்டுவிட்டது. "யாரோட கைங்க இது?"

அவர் தன் வலது கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "என்னுதுதான்."

இருக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாங்கக்கா. நாலு பேர் பாக்குற எடம். அதுவுமில்லாம அதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது" என்றார். அழித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகும் கடைக்குள் அச்சு மையின் காட்டமான வாடை நின்றது. 'நம்ம கடை சென்ட்டு' என்பாயே, அதே வாடை. உன் நாற்காலியைப் பார்த்தேன். உன்னிடம் பேசியே ஆகவேண்டும் போலிருந்தது.

எழுத்து எனக்கு, முகம் உனக்கு என்று பிரித்துக்கொண்டுதானே இந்தக் கடையைத் தொடங்கினோம். பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுவதற்கும் தவளைப் படம் வரைந்து கொடுத்தவள் நீ. எனக்கு ஒரு வட்டம்கூடக் கோணும். பூப்புனித நீராட்டு, கடை திறப்பு, மாதா கோயில் தேர், ஊர்க் காவடி என்று எல்லாவற்றுக்கும் பேனர் செய்தோம். ஆனால் இந்த ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் நேராக உன்னிடம்தான் வருவார்கள். ஆண்களுக்காவது கழுத்துப் பட்டன் போட்ட பாஸ்போர்ட் படம் ஒன்று கிடைக்கும். பெண்கள் யாருமே தனியாகப் படம் எடுத்துக்கொண்டதில்லை. யாருக்காவது பின்னால், யாருக்காவது பக்கத்தில், பாதிக் காதோடு நிற்பார்கள். மீதிக் காதை நீ வரைந்து கொடுப்பாய்.

பாரிஸிலிருந்து ஒரு மகன் தன் அப்பா படத்தை அனுப்பியது நினைவிருக்கிறதா? பனிக்கோட்டும் குல்லாயுமாக இருந்தார். கோட்டைக் கழற்றி வேட்டி சட்டை மாட்டச் சொன்னார்கள். "வெயில் ஊருக்கு வந்துட்டாரு, வேர்க்கும்ல" என்று சொல்லிக்கொண்டே மாட்டினாய். முஸ்லிம் வீட்டு அறிவிப்புகளில் படமே இருக்காது, வெறும் எழுத்து. அன்றைக்கு மட்டும் நீ காலை நீட்டிக்கொண்டு, "இன்னைக்கு ஒன் பொழப்புடி, நான் டீ குடிக்கப் போறேன்" என்பாய்.

நகை போடச் சொன்னால் தாராளமாகப் போடுவாய். "இருந்தப்ப ஒரு குண்டுமணி போட்டதில்ல, இப்பவாவது ஆரம் போட்டுக்கட்டும்" என்பது உன் நியாயம். நிறத்தில் மட்டும் அசைய மாட்டாய். "கலர கொஞ்சம் ஏத்துங்கக்கா" என்று எவராவது வாயெடுத்தால் போச்சு. "வயல்ல நின்ன ஒடம்புங்க இது. வெளுப்பாக்கினா வீட்டு மாடுகூட அடையாளம் கண்டுக்காது" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னாய். அவர் எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்தேன். அவரோ சிரித்துவிட்டார், சிரித்த பிறகு அழுதார்.

கையை அழிப்பதுதான் உனக்குப் பிடிக்காத வேலை. கை இருந்த இடத்தில் தோள் இருக்காது. மறுபக்கத்துத் தோளைப் பிரதியெடுத்து, திருப்பி ஒட்டி, புடவை மடிப்பைச் சேர்க்கவேண்டும். "ஒரு ஆளு செத்தா, தோள்ல கெடக்குற கையையெல்லாம் நாமதான் எடுத்து விடணுமாடி?" என்று முனகுவாய். அழிப்பதற்கு முன் அது யாருடைய கை என்று கேட்காமல் இருந்ததே இல்லை. அவசரத்தில் ஓடி வந்தவர்கள்கூட அந்தக் கேள்விக்கு உட்கார்ந்துவிடுவார்கள். "அது அவங்க நாத்தனாருங்க. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அன்னைக்கு மட்டும் எப்படியோ கை போட்டு நின்னாங்க." இப்படி எத்தனை கதைகள்! வேலை கெடுகிறது என்று நான்தான் கத்துவேன். எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது?

இவ்வளவு பாடுபட்டுச் செய்வதை நீ பெரிதாக நினைத்ததும் இல்லை. "காரியம் முடிஞ்சா வைக்கப்போர் மூடத்தான்டி போவுது. அழகு கெடக்கட்டும், ஓட்ட இல்லாம இருந்தா சரி" என்பாய்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உன் முடியெல்லாம் கொட்டியபின் ஒரு நாள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீயாகவே பேச்சை எடுத்தாய். "எனக்கு நீதான் பண்ணணும் பிலோ. ஆரம் கீரம் மாட்டுன, எழுந்து வந்து அடிப்பேன். கலரு ஏத்துன, அதுக்கும் அடிப்பேன்." வாயை மூடு என்று திட்டினேன். நீ சுளையை வாங்கித் தின்றாய்.

அந்த நாளும் வந்தது. உன் வீட்டுக்காரரும் உன் மகளும் கடைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உன் போனைத் திறந்தால் எல்லாப் படமும் மற்றவர்கள் படம். எடுத்தவள் நீ என்பதால் ஒன்றில்கூட நீ இல்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் காது வரைந்தவளே, உனக்கென்று ஒரு படம் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் என் போனில் ஒன்று கிடைத்தது. ஆயுதபூஜை அன்று டீக்கடைக்காரர் எடுத்தது. பிரிண்டருக்கும் மவுஸுக்கும் குங்குமம் வைத்துவிட்டு, சும்மா நின்ற என் நெற்றியிலும் இழுத்துவிட்டாய். "ஒங்க மாதா கோயில் சாமியார் கேட்டா மெஷின்ல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லு" என்றாய். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எடுத்த படம். கண் பாதி மூடியிருக்கிறது, முடி அடர்த்தியாக இருக்கிறது. உன் தோளில் என் கை, பழைய கடிகாரத்தோடு.

"இதான் அம்மா" என்றாள் உன் மகள்.

என்னை வெட்டி எடுத்தேன். அதில் ஒன்றும் சிரமமில்லை. உன் மகள் அனுப்பிய படத்தைப் பார்த்து உன் மாமியார் போனில் கூப்பிட்டு, கழுத்து வெறிச்சென்று இருக்கிறது, ஒரு சங்கிலியாவது போடு என்றார்கள். அடி வாங்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ. பிறகு உன் வீட்டுக்காரர் திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பிலோ, அந்தக் கைய எடுத்துடும்மா."

மவுஸை அங்கே கொண்டுபோனேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்து எத்தனையோ கைகளை எடுத்திருக்கிறேன். உன் மறுதோளைப் பிரதியெடுத்துத் திருப்பியும் வைத்தேன், சரியாகத்தான் பொருந்தியது. பொருந்தியதைப் பார்த்தபோது, நான் உன் பக்கத்தில் நின்றதே இல்லை என்பதுபோல் இருந்தது. திரும்பக் கையைக் கொண்டுவந்தேன்.

"முடியாதுண்ணே."

"யாராச்சும் கேட்டா?"

"கேக்கட்டும்."

குரல் உயர்ந்துவிட்டது. துக்கத்தில் இருந்த மனிதரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். "இருக்கட்டும்ப்பா" என்றாள் உன் மகள். அவர் தலையாட்டினார்.

வரிச்சிக்குடி பஸ் நிறுத்தத்தில் உன்னைக் கட்டினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய ஓர் அம்மா அண்ணாந்து பார்த்துக் கேட்டேவிட்டார். "இது யாரு கை?" நான் அங்கேயேதான் நின்றேன், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். "எங்க பிலோ பெரியம்மா கை" என்றாள் உன் மகள், வீட்டு முகவரி சொல்வதைப்போல.

இந்தத் தையில், அறுவடை முடிந்த கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. உன் வீட்டில் மூட்டையெல்லாம் வாசலில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் பேனரைத்தான் நெல்மூட்டைமேல் போர்த்தியிருந்தார்கள். உன் மகள் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். "பெரியம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. தார்ப்பாய் எங்கயும் கெடைக்கல. முகம் உள்பக்கமாத்தான் போட்டுருக்கேன்."

சுருக்கென்றது. உன் வைக்கோல்போர்ப் பேச்சு நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது. பேனரின் வெள்ளை முதுகுதான் வெளியே தெரிந்தது. ஒரு மூலை மட்டும் காற்றில் மடிந்து அச்சுப் பக்கம் மேலே வந்திருந்தது. அந்த மூலையில் என் கையும் கடிகாரமும் மட்டும் இருந்தன, மேலே மழை ஓடிக்கொண்டிருந்தது. நீ உள்ளே நெல்லோடு இருந்தாய். அந்த மூலை தூக்கிக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை எடுத்து என் கைமேலேயே வைத்தேன்.

மறுநாள் காலை உன் மகள் போன் பண்ணினாள். ஒரு மூட்டைகூட நனையவில்லையாம்.