குழாய் வைத்த தேன்பெட்டி

அன்புள்ள டெக்லனுக்கு,

தேவமாதா தயவில் நானும் தோட்டமும் நலம். முதுகு மட்டும் நலமில்லை, நீ கேட்குமுன் சொல்லிவிட்டேன். வான்கூவர் குளிரில் நீ காலுறையாவது போட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கை மோய்ராவின் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கடிக்கிறாள்.

இனி நீ அனுப்பிய தேன்பெட்டிக்கு வருகிறேன். "தூக்க வேண்டாம், புகை போட வேண்டாம், சாவியைத் திருகினா தேன் தானா பாட்டிலுக்கு வந்துடும்மா, இதுவும் சரிப்படலைன்னா தேனீயை வித்துட்டு டவுனுக்குக் குடிபோயிடு" என்று தொலைபேசியில் நீ போட்ட நிபந்தனை நன்றாக நினைவிருக்கிறது. நியாயமாகவே பேசுகிறேன். முதல் தேனடைச் சட்டத்தைத் திருகியபோது தேன் கண்ணாடி போல இறங்கியது, ஒரு தேனீகூடச் சாகவில்லை, அடுக்களை பிசுபிசுக்கவில்லை, தேன் பிழியும் எந்திரத்தைச் சுற்றித் தோள் வலிக்கவில்லை. ஆனால் குழாயைக் கண்டால் இந்த ஊர் ஆண்களுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. ஞாயிறு பூசை முடிந்து பங்குப் பெண்கள் தோட்டத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு பேசில் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினான். ஒவ்வொரு சட்டமாக, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும் என்று நான் கத்தக் கத்த, "அட விடுங்க உர்சுலா, பீர் பீப்பாய் திறக்காத கையா இது" என்று அத்தனையையும் ஒரே மூச்சில் திருகினான். பாதித் தேன் பாட்டிலுக்கு வந்தது, மீதி உள்ளே வழிந்து கீழறையில் வளரும் தேனீக் குஞ்சுப் புழுக்களின் தலையில் கொட்டியது. எறும்பு வந்தது, ஊர்த் தேனீயெல்லாம் கொள்ளையடிக்க வந்தது, பங்குப் பெண்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பிடித்த தேனும் பக்குவப்படாத தேன். தேன் முற்றினால்தான் தேனீ அதை மெழுகால் மூடும்; பெட்டியின் கண்ணாடிச் சன்னலில் தெரிந்த ஓரத்தில்தான் மெழுகு மூடியிருந்தது, நடுவில் மூடவில்லை. இப்போது அலமாரியில் நுரைத்துக்கொண்டிருக்கிறது.

பெட்டியைக் கழுவ, தேன் சட்டங்கள் இருக்கும் மேலறையை இறக்கியே ஆகவேண்டியதாயிற்று. "குழாய் இருக்கையில மூடியை எதுக்குத் திறக்கணும்" என்று மாதக்கணக்கில் எனக்கு உதவ மறுத்த பேசில்தான் முனகிக்கொண்டே தூக்கினான். அந்தப் பிளாஸ்டிக் சட்டங்களோடு அது பழைய பெட்டியைவிடக் கனம். உண்ணி பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் கீழறைத் தேனீக்கள் கொஞ்சத்தை மாச்சர்க்கரையில் போட்டுக் குலுக்கினேன், கூட்டத்தையே அழிக்கும் அந்த உண்ணிகள் உதிர்ந்தன. உண்ணியைக் கொல்லும் மருந்துப் பட்டையைச் சட்டங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், ராணி இன்னும் முட்டையிடுகிறாள், கூட்டம் பிழைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கூத்து நடக்காவிட்டால் பெட்டியைத் திறந்திருக்கவே மாட்டோம், குழாயில் தேனை வடித்துக்கொண்டே கூட்டத்தைச் சாகவிட்டிருப்போம். தேன் எடுப்பது வருடத்தில் இரண்டு மூன்று நாள் வேலை, மற்ற நாளெல்லாம் திறந்து பார்ப்பதுதான் வேலை, அதற்கு இன்னும் யாரும் குழாய் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே உன் பெட்டியைத் திருப்பி அனுப்ப மாட்டேன், தேனீயை விற்க மாட்டேன், டவுனுக்கும் போக மாட்டேன். பட்டையை எடுக்கும் நாள் கிறிஸ்துமஸ் வாரத்தில் வருகிறது, மேலறையைத் தூக்க ஆள் வேண்டும், பேசிலை இனிக் கேட்பதாக இல்லை. வழக்கம்போல் கட்டைவிரல் படம் அனுப்பாதே, விமானம் இறங்கும் நேரத்தை அனுப்பு.

தேவமாதா உன்னைக் காக்கட்டும். பூசையை விடாதே. உன் அப்பாவின் தேனீ அங்கியைத் துவைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன், உனக்கு அளவு சரியாகத்தான் இருக்கும்.

உன் அம்மா,
உர்சுலா