குளத்தடியில் கேட்ட குரல்

வெள்ளிக்கிழமை இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவின் கூடையை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அது இல்லாமல் அவர் நாளைக்குக் குளத்தில் இறங்க முடியாது.

எங்கள் குளம் முழுக்க மக்கானா போட்டிருக்கிறோம்; அல்லி மாதிரி ஒரு நீர்ச்செடி, விதையைப் பொரித்துத் தின்பார்கள். முள் இலைகள் தண்ணீரையே மூடிவிட்டன. முற்றிய விதை உதிர்ந்து அடிச்சேற்றில் கிடக்கும். அப்பா மூச்சை அடக்கி முங்கி, சேற்றோடு கூடையில் அள்ளி வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கரையில் நின்று எண்ணுவேன். நாற்பதுக்குள் மேலே வந்துவிடுவார்.

இன்று எழுபது ஆகிவிட்டது. தலை தெரிந்ததுமே திட்டினார்.

"இன்னாத்துக்குடி அப்பா அப்பான்னு கூப்ட்டுகினே இருந்த?"

"நான் எங்கப்பா கூப்ட்டேன்? எண்ணிகினு தான இருந்தேன்."

"உன் குரலு தான். நடுக்குளத்துல, கீழ கேட்டுச்சு."

சொல்லிவிட்டு நடுக்குளத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே சிரித்தார்.

"காதுல தண்ணி பூந்துட்டு இருக்கும். நாவலூர் கடைக்காரரு இன்னும் வேணும்னு போன் மேல போன் போடுறாரு. அங்க இப்ப பாப்கார்ன எவன் துன்றான்? எல்லாம் மக்கானா தான். நாளைக்கு நடுவுல அள்ளலாம்."

அவர் நடுவில் இறங்கக் கூடாது என்றுதான் கூடையை ஒளித்தேன்.

அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான்.

வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள்.

"அப்பா, கதவத் தொறப்பா."

அது என் குரல். அப்பா எழுந்து போகிறார். அப்பா, நான் இங்கேதான் இரு